பக்கத்துப் பக்கத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்களின் தேர்வு மதிப்பெண்ணை ஒப்பிடுவது எப்படி? நியூ ஜெர்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மத்திய நியூ ஜெர்சியில் வீடு தேட ஆரம்பித்தால், வாடகை எவ்வளவு என்பதற்கு முன்பே "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்க்கிறீங்க?" என்ற கேள்வி வந்துவிடும். எடிசன், சவுத் பிரன்ஸ்விக், வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோ, மான்ட்கோமரி, ஹில்ஸ்பரோ, பிராங்க்லின் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கூடவே ஒரு சதவீதமும் சொல்வார்கள்: "அங்கே 78, இங்கே 71." அந்த ஏழு புள்ளிக்காக மாதம் சில நூறு டாலர் கூடுதல் வாடகைக்கு ஒப்புக்கொண்டு, அலுவலகத்திலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளிப்போய்க் குடியேறும் குடும்பங்கள் நிறைய. அந்த ஏழு புள்ளியில் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு, அங்கே வசிப்பவர்களின் வசதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அவ்வளவு பெரிய முடிவை எடுக்கவே கூடாது. பிரித்துப் பார்க்கத் தேவையான எல்லாமே மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்கினால் போதும்.

முதலில் எல்லை

நியூ ஜெர்சியில் ஏறத்தாழ 600 பள்ளி மாவட்டங்கள், அதாவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள், இருக்கின்றன. பெரும்பாலும் டவுன்ஷிப்புக்கு (தனி உள்ளாட்சி உள்ள ஊருக்கு) ஒன்று. இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப்பெயரும் டவுன்ஷிப்பும் பல இடங்களில் ஒன்றாக இருப்பதில்லை.

முகவரியில் "பிரின்ஸ்டன்" என்று இருக்கும் வீடு பிளெயின்ஸ்பரோவிலோ, வெஸ்ட் வின்ட்சரிலோ, சவுத் பிரன்ஸ்விக்கிலோ, மான்ட்கோமரியிலோ இருக்கலாம். அங்கே குடியேறும் பிள்ளை பிரின்ஸ்டன் பள்ளிக்குப் போக முடியாது. மன்மவுத் ஜங்ஷன், கெண்டல் பார்க், டேட்டன் மூன்றும் சவுத் பிரன்ஸ்விக் டவுன்ஷிப்பின் பகுதிகள். 27ஆம் எண் சாலையின் ஒரு பக்கம் கெண்டல் பார்க், எதிர்ப்பக்கம் பிராங்க்லின் பார்க். சாலையைத் தாண்டினால் கவுன்ட்டியே (நம் ஊர் ஜில்லா மாதிரி) மாறிவிடும்: இந்தப் பக்கம் மிடில்செக்ஸ், அந்தப் பக்கம் சாமர்செட். பள்ளி மாவட்டமும் கூடவே மாறும். ஒரே மளிகைக் கடை, ஒரே கோயில், ஆனால் வேறு வேறு பள்ளி நிர்வாகம்.

இன்னும் சில விசித்திரங்கள் உண்டு. வெஸ்ட் வின்ட்சர் மெர்சர் கவுன்ட்டியில் இருக்கிறது, பிளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸில். இரண்டும் சேர்ந்து ஒரே மாவட்டம் நடத்துகின்றன. கிரான்பரியில் எட்டாம் கிரேடு வரைதான் பள்ளி உண்டு. அதற்குமேல் அந்தப் பிள்ளைகள் பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். எடிசனில் ஒரே மாவட்டத்துக்குள் எடிசன் ஹை, ஜே.பி. ஸ்டீவன்ஸ் என்று இரண்டு உயர்நிலைப் பள்ளிகள். எந்தத் தெரு எந்தப் பள்ளிக்குப் போகும் என்பது தனிக் கணக்கு.

அதனால் லீஸில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பள்ளி மாவட்டத்தின் மாணவர் சேர்க்கை அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, கதவு எண்ணோடு முழு முகவரியைச் சொல்லி, எந்தத் தொடக்கப் பள்ளி, எந்த மிடில் ஸ்கூல், எந்த ஹை ஸ்கூல் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளியின் பெயரை நம்ப வேண்டாம். ஒப்பிடப்போவது எந்தப் பள்ளிகளை என்பதே இந்த ஃபோனுக்குப் பிறகுதான் முடிவாகும்.

எந்தத் தேர்வு, என்ன அளவு

நியூ ஜெர்சி அரசுப் பள்ளிகளில் மாநிலம் நடத்தும் பொதுவான தேர்வின் பெயர் என்ஜேஎஸ்எல்ஏ (NJSLA). 2015-இல் வந்த பார்க் (PARCC) என்ற தேர்வுக்குப் பதிலாக 2019 வசந்தத்திலிருந்து இது நடந்துவருகிறது. ஆங்கிலத்துக்கு 3 முதல் 9 வரையிலான கிரேடுகள். கணிதத்துக்கு 3 முதல் 8 வரை கிரேடுவாரியாக, அதற்குமேல் பாடவாரியாக: அல்ஜீப்ரா ஒன்று, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு. அறிவியல் தேர்வு 5, 8, 11 கிரேடுகளில் மட்டும். அதன் மதிப்பெண் அளவே வேறு என்பதால் இந்த ஒப்பீட்டில் அதைத் தொடவில்லை.

2025 வரையிலான முடிவுகளில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மதிப்பெண் 650-இல் தொடங்கி 850-இல் முடியும். ஐந்து லெவல்கள். 750 எடுத்தால் நான்காவது லெவல், அதாவது அந்த கிரேடுக்கு எதிர்பார்த்த அளவை எட்டியாயிற்று என்று பொருள். 725 முதல் 749 வரை மூன்றாவது லெவல், கிட்டத்தட்ட எட்டியவர்கள். ஐந்தாவது லெவல் தொடங்கும் இடம் கிரேடுக்கு கிரேடு மாறும். ஊரில் எல்லாரும் சொல்லும் "தேர்ச்சி சதவீதம்" என்பது நான்காவது, ஐந்தாவது லெவல்களின் கூட்டுத்தொகை. நம் ஊர் 35 மார்க் பாஸ் மாதிரி இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 749 எடுத்த பிள்ளை எதிலும் தோற்கவில்லை, அடுத்த கிரேடுக்குப் போகத் தடையும் இல்லை.

2020-லும் 2021-லும் தொற்றுக் காலத்தால் வசந்தத் தேர்வு நடக்கவில்லை. 2019-ஐயும் 2022-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாநிலம் முழுக்கவே சரிவு தெரியும். ஒரு மாவட்டத்தை மட்டும் பார்த்து "தரம் இறங்கிவிட்டது" என்று சொல்பவர்கள் மாநிலச் சராசரி எவ்வளவு இறங்கியது என்பதைப் பார்ப்பதில்லை. எந்த மாவட்டத்தை எடுத்தாலும் மாநிலச் சராசரியையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வின் வடிவமே மாறும் ஆண்டுகளில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வைக்காதீர்கள்.

கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள்

வீடு விற்கும் இணையதளங்களில் பள்ளிக்குப் பக்கத்தில் தெரியும் 1 முதல் 10 வரையிலான எண் கிரேட்ஸ்கூல்ஸ் தருவது. தேர்வு மதிப்பெண், வளர்ச்சி எனப் பலவற்றைக் கலந்து ஒரே எண்ணாகச் சுருக்கியது. நமக்கு வேண்டியது கலக்காத எண்.

அது இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளிச் செயல்திறன் அறிக்கைகள். பள்ளிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் இருக்கும், படிக்க எளிது. இரண்டாவது, தேர்வு முடிவுகளின் எக்செல் கோப்புகள். ஒவ்வொரு கிரேடின் ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக் கோப்பு. பார்த்தவுடன் மிரட்டும், ஆனால் தேவைப்படும் பத்திகள் (column) குறைவு. மாவட்டப் பெயர், பள்ளிப் பெயர், பிறகு எந்தக் குழுவின் வரி என்று காட்டும் பத்தி. அப்புறம் தேர்வுக்குப் பதிவானவர்கள், எழுதாதவர்கள், செல்லுபடியான மதிப்பெண்கள் எத்தனை, சராசரி, ஐந்து லெவல்களின் சதவீதம். சில ஆண்டுகளின் கோப்பில் ஏ முதல் ஜே வரை எழுத்துகள் உள்ள ஒரு பத்தியும் இருக்கும். மக்களின் வருமானம், படிப்பு போன்றவற்றை வைத்து மாநிலம் முன்பு மாவட்டங்களை வகைப்படுத்திய முறை அது. 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு அதைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார்கள், அதனால் இன்றைய நிலையை அதில் தேடாதீர்கள்.

ஒரு புதிய தாளில் நீங்கள் பார்க்கும் மூன்று நான்கு மாவட்டங்களின் வரிகளை மட்டும் ஒட்டுங்கள். தேர்ச்சி சதவீதத்தோடு நிறுத்தாமல் ஐந்து லெவல்களையும் ஒட்டுங்கள். இரண்டு மாவட்டங்களிலும் 70 சதவீதம் தேர்ச்சி என்றாலும், ஒன்றில் ஐந்தாவது லெவலில் 35 சதவீதமும் மற்றதில் 10 சதவீதமும் இருந்தால் இரண்டு வகுப்பறைகளும் வேறு வேறு மாதிரி இருக்கும். முதல் இரண்டு லெவல்களையும் பாருங்கள். தடுமாறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது அங்கேதான் தெரியும்.

எழுதாதவர்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை பாருங்கள். குறைந்தது 95 சதவீதம் பேர் எழுத வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதிர்பார்க்கிறது. 2015, 2016 வாக்கில் தேர்வே வேண்டாம் என்று பெற்றோர் மறுத்த இடங்கள் இந்த மாநிலத்தில் நிறைய இருந்தன. பத்தில் இரண்டு பேர் எழுதாத பள்ளியின் சதவீதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

எட்டாம் கிரேடு கணிதம்: கணக்கு தலைகீழாகும் இடம்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒப்பிடுபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

நியூ ஜெர்சியில் எட்டாம் கிரேடில் அல்ஜீப்ரா ஒன்று படிக்கும் பிள்ளை, எட்டாம் கிரேடு கணிதத் தேர்வை எழுதுவதில்லை. அதற்குப் பதில் அல்ஜீப்ரா ஒன்று தேர்வை எழுதும். ஜியோமெட்ரி படிக்கும் பிள்ளை ஜியோமெட்ரி எழுதும். அதாவது கணிதத்தில் முன்னால் இருக்கும் பிள்ளைகள் மொத்தமாக வேறு கோப்புக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களின் சதவீதம்தான் "எட்டாம் கிரேடு கணிதம்" என்று வருகிறது. 2022-இல் மாநிலம் முழுவதும் அந்தத் தேர்வில் ஐந்தில் ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை. அதற்கு இதுவும் ஒரு காரணம். மாநில அறிக்கையிலேயே இதைப் பற்றிச் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். யாரும் படிப்பதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். அ ஊர், ஆ ஊர், இரண்டிலும் எட்டாம் கிரேடில் 300 பிள்ளைகள்.

அ ஊரில் 120 பேர் எட்டாம் கிரேடு கணிதம் எழுதுகிறார்கள், 30 பேர் தேர்ச்சி: 25 சதவீதம். 150 பேர் அல்ஜீப்ரா ஒன்று எழுதி 135 பேர் தேர்ச்சி. 30 பேர் ஜியோமெட்ரி எழுதி 30 பேரும் தேர்ச்சி.

ஆ ஊரில் 280 பேர் எட்டாம் கிரேடு கணிதம் எழுதுகிறார்கள், 140 பேர் தேர்ச்சி: 50 சதவீதம். 20 பேர் மட்டும் அல்ஜீப்ரா ஒன்று எழுதி 19 பேர் தேர்ச்சி.

எட்டாம் கிரேடு கோப்பை மட்டும் திறந்தவருக்கு ஆ ஊர் இரண்டு மடங்கு மேல் என்று தோன்றும். எல்லாவற்றையும் கூட்டினால் அ ஊரில் 300-க்கு 195 பேர், 65 சதவீதம். ஆ ஊரில் 159 பேர், 53 சதவீதம். அதிலும் அ ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடினமான தேர்வை எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே மிடில் ஸ்கூல் கணிதத்தை ஒப்பிடும்போது மூன்று கோப்புகளையும் திறந்து, அந்த மிடில் ஸ்கூலின் பெயர் உள்ள வரிகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் எழுதியவர்களின் எண்ணிக்கையைத் தேர்ச்சி சதவீதத்தால் பெருக்கி ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றி, பிறகு கூட்டுங்கள். சில பள்ளிகளில் ஏழாம் கிரேடுப் பிள்ளைகளும் அல்ஜீப்ரா எழுதுவார்கள் என்பதால் விடை துல்லியமாக வராது, ஆனால் திசை சரியாக இருக்கும். இந்த வேலை எதற்கு என்று தோன்றினால் எளிய வழி ஒன்று உண்டு: எட்டாம் கிரேடை விட்டுவிட்டு 3, 4, 5 கிரேடுகளின் கணிதத்தை மட்டும் ஒப்பிடுங்கள். அங்கே எல்லாரும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள்.

உயர்நிலைப் பள்ளியில் இதே சிக்கல் எதிர்ப்பக்கமாக வரும். ஹை ஸ்கூலின் அல்ஜீப்ரா ஒன்று சதவீதம் பரிதாபமாக இருந்தால் பதறாதீர்கள். நன்றாகப் படித்தவர்கள் அதை மிடில் ஸ்கூலிலேயே முடித்துவிட்டிருப்பார்கள். ஒன்பதாம் கிரேடு ஆங்கிலம் ஓரளவு நம்பத்தகுந்தது. 11ஆம் கிரேடில், ஹை ஸ்கூல் முடிக்கும் தகுதிக்கான என்ஜேஜிபிஏ தேர்வு இருக்கிறது, அதன் அளவு தனி. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் சராசரியைப் பார்த்தால் எத்தனை சதவீதம் பேர் எழுதினார்கள் என்பதையும் சேர்த்தே பாருங்கள். இன்னொன்று, பல ஊர்களிலிருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும், கவுன்ட்டி நடத்தும் மேக்னட் பள்ளிகள் தனி மாவட்டக் கணக்கில் வரும். அங்கே போன பிள்ளைகளின் மதிப்பெண் சொந்த ஊர் ஹை ஸ்கூலில் சேராது.

யார் எழுதினார்கள்?

இப்போது குழுவாரியான வரிகளுக்கு வாருங்கள். பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் என்று ஒரு வரி இருக்கும். இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியான குடும்பத்துப் பிள்ளைகள் அதில் வருவார்கள். சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்கள், ஆங்கிலம் கற்றுவரும் பன்மொழி மாணவர்கள், இனவாரி வரிகள் எல்லாம் தனித்தனியாக இருக்கும்.

மறுபடி ஒரு கற்பனை. இ ஊரிலும் ஈ ஊரிலும் வசதி குறைந்த பிள்ளைகளில் 45 சதவீதம் பேர் தேர்ச்சி, மற்றவர்களில் 80 சதவீதம் பேர் தேர்ச்சி. இரண்டு ஊர்ப் பள்ளிகளும் ஒரே அளவு வேலை செய்கின்றன. இ ஊரில் வசதி குறைந்தவர்கள் 40 சதவீதம், ஈ ஊரில் 10 சதவீதம். மொத்தத் தேர்ச்சியைக் கணக்கிட்டால் இ ஊருக்கு 66 வரும், ஈ ஊருக்கு 76.5 வரும். பத்துப் புள்ளிக்கும் மேல் வித்தியாசம், ஆனால் எந்த ஒரு பிள்ளைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. வாடகை மட்டும் வித்தியாசப்படும்.

நம்மவர்கள் நேராக ஆசியர் வரிக்குப் போவார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த வரி பெரும்பாலும் காட்டுவது பெற்றோரின் படிப்பையும், சாயந்திரமும் சனிக்கிழமையும் நடக்கும் டியூஷனையும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் அந்த வரிகள் எல்லாம் உயரத்தில்தான் நிற்கும், அதில் பள்ளியைப் பார்ப்பது கஷ்டம். எனக்கு அதிகம் சொல்வது வசதி குறைந்த பிள்ளைகளின் வரி. வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லாத, டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளைக்குப் பள்ளி மட்டுமே துணை. அந்தப் பிள்ளையை ஒரு மாவட்டம் 45-இல் வைத்திருக்கிறதா, 55-க்குக் கொண்டுவந்திருக்கிறதா என்பதில் ஆசிரியர்களின் உழைப்பு நேரடியாகத் தெரிகிறது. இந்த ஊர்களில் எந்த ஊருக்குப் போனாலும் உங்கள் பிள்ளை அந்தப் பிள்ளைகளோடுதான் ஒரே மேசையில் உட்காரும்.

ஊரிலிருந்து இப்போதுதான் வருகிற பிள்ளை என்றால் பன்மொழி மாணவர் வரியையும் பாருங்கள். ஆங்கிலம் பழகும்வரை கூடுதல் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கலாம், அங்கே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்கு முக்கியம்.

சில இடங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். குழுவில் மிகச் சில பிள்ளைகளே இருக்கும்போது யாருடைய மதிப்பெண் என்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக மறைத்திருக்கிறார்கள்.

சின்ன எண்ணிக்கையை நம்பாதீர்கள்

ஒரு தொடக்கப் பள்ளியின் மூன்றாம் கிரேடில் 60 பிள்ளைகள் இருந்தால், மூன்று பேர் 749-இலிருந்து 750-க்குப் போனாலே சதவீதம் ஐந்து புள்ளி ஏறிவிடும். அந்த மூன்று பேரில் ஒருவர் தேர்வு நாளில் நன்றாகத் தூங்கி எழுந்தவராக இருக்கலாம். ஆகவே பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடும்போது ஒற்றை ஆண்டின் எண் போதாது. மூன்று ஆண்டுகளில் எழுதியவர்களையும் தேர்ச்சி பெற்றவர்களையும் கூட்டி ஒரே சதவீதமாக்குங்கள். அதற்குப் பிறகும் ஐந்தாறு புள்ளிக்குள் இருந்தால் இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரேடுக்குப் பல நூறு பேர் எழுதும் பெரிய மாவட்டங்களின் மொத்த எண்ணில் ஐந்து புள்ளிக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு.

வளர்ச்சி எண்

செயல்திறன் அறிக்கையில் எஸ்ஜிபி என்று ஒரு பகுதி இருக்கும், மாணவர் வளர்ச்சி நூற்றுமானம். போன ஆண்டு 730 எடுத்த ஒரு பிள்ளையை, மாநிலத்தில் அதேபோல் எடுத்துவந்த மற்ற பிள்ளைகளோடு மட்டும் இந்த ஆண்டு ஒப்பிடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 65 பேரைவிட மேலே போயிருந்தால் அதன் எண் 65. பள்ளியிலுள்ள எல்லாருடைய எண்களையும் வரிசையாக வைத்து நடுவில் இருப்பதை எடுத்தால் அது பள்ளியின் எண். 50 என்பது நடு, 40-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் வழக்கமான வளர்ச்சி. முந்தைய மதிப்பெண் தேவை என்பதால் மூன்றாம் கிரேடுக்கு இது கிடையாது.

தேர்ச்சி 80 இருந்து வளர்ச்சி 42 இருக்கும் பள்ளி, ஏற்கெனவே நன்றாக இருந்த பிள்ளைகளை அப்படியே நகர்த்திக்கொண்டிருக்கிறது. தேர்ச்சி 62 இருந்து வளர்ச்சி 60 இருக்கும் பள்ளியில் வகுப்பறைக்குள் ஏதோ நல்ல காரியம் நடக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். டியூஷன் இந்த எண்ணையும் தூக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் வெறும் தேர்ச்சி சதவீதத்தைவிட இது பள்ளிக்கு நெருக்கமானது. இதையும் ஓர் ஆண்டை வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியில் கேட்க வேண்டியவை

தேர்வு வசந்தத்தில் நடக்கும். முடிவுகள் வந்ததும் ஒவ்வொரு மாவட்டமும் தன் கல்வி வாரியக் கூட்டத்தில் அவற்றை விளக்கும், பெரும்பாலும் இலையுதிர் காலத்தில். அந்த விளக்கப் படங்களை மாவட்ட இணையதளத்தில் தேடிப் பாருங்கள். மாநில அறிக்கை வருவதற்கு முன்பே புதிய எண்கள் அதில் இருக்கும். எங்கே சறுக்கினோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று வெளிப்படையாகப் பேசும் மாவட்டத்தையும், நல்ல எண்களை மட்டும் வண்ணத்தில் காட்டும் மாவட்டத்தையும் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

அப்புறம், பட்டியலில் மிஞ்சும் இரண்டு மூன்று மாவட்டங்களுக்கும் ஃபோன் செய்து கணிதப் பிரிவு பற்றிக் கேளுங்கள். அல்ஜீப்ரா எந்த கிரேடில் தொடங்குகிறது, வேகமான பிரிவுக்குப் பிள்ளைகளை எந்த கிரேடில் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த மதிப்பெண்ணை வைத்து? பெரும்பாலான இடங்களில் ஐந்தாம், ஆறாம் கிரேடு வாக்கிலேயே இது முடிவாகிவிடும். ஏழாம் கிரேடில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து சேரும் பிள்ளைக்கு என்ஜேஎஸ்எல்ஏ மதிப்பெண் எதுவும் இருக்காது. அதனால் கேட்காமலே சாதாரணப் பிரிவில் போட்டுவிட வாய்ப்புண்டு. நடுவில் சேர்பவர்களுக்குத் தனியாகத் தகுதித் தேர்வு வைப்பார்களா, எப்போது வைப்பார்கள், பழைய பள்ளியின் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது அது கையில் இருக்கட்டும்.